கண்ணீர் கலக்காத பால்

மாட்டுக்குத் தோன்றுவது மனிதருக்கும் தோன்றினால் மனிதர் பாலை விட்டுவிடுவார்கள் என்று நான் நம்பினேன். இதை நம்பியபோது எனக்கு வயது முப்பத்தொன்று, பொறியியலில் முனைவர் பட்டம் வேறு வாங்கியிருந்தேன். சிறுபிள்ளைத்தனத்துக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

நானும் கால்நடை மருத்துவர் சுகவனமும் செய்த கருவி பார்வைக்கு ஒன்றுமில்லை. மாட்டின் கழுத்தில் ஒரு பட்டை, மனிதரின் மணிக்கட்டில் ஒரு பட்டை. மாட்டின் நரம்பில் ஓடுவதை முதல் பட்டை படிக்கும், இரண்டாவது அதை நம் நரம்பில் எழுதும். மாட்டுக்குத் தாகம் என்றால் நமக்குத் தொண்டை வறளும். அது பயந்தால் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அவ்வளவுதான்.

இதையெல்லாம் தொடங்கி வைத்தது ஒரு செத்த கன்று. தாராபுரத்துக்குத் தெற்கே ஆறு மாடுகளை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த பூவாத்தாளின் கட்டுத்தறிக்கு, மாடுகளின் காய்ச்சலை அளக்கும் ஏதோ ஒரு வேலையாகச் சுகவனம் என்னை அழைத்துப் போயிருந்தார். அப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. செவலை என்ற மாட்டின் முன்னால் ஒரு கன்றுக்குட்டி அசையாமல் நின்றது. கால்களுக்குப் பதில் நான்கு குச்சிகள். வயிற்றுத் தையலில் வைக்கோல் பிதுங்கியிருந்தது. செவலை அதன் நெற்றியை நக்கிக்கொண்டே இருந்தது. நக்கி நக்கி அந்த இடத்தில் மயிர் போய்த் தோல் வழுவழுப்பாகியிருந்தது.

"இதென்னக்கா, பொம்மையா?" என்று கேட்டேன்.

"பொம்மையில்ல அம்மணி, அவளோட கன்னுதான். பொறந்து எட்டாம் நாள் கழிச்சல்ல போயிருச்சு. தோலை உரிச்சு வைக்கோலத் திணிச்சு வெச்சிருக்கறேன். கன்னு முன்னால நிக்கலீன்னா இவ சொட்டுப் பாலு விடமாட்டா."

"செத்தது அவளுக்குத் தெரியாதா?"

பூவாத்தாள் கறப்பதை நிறுத்தவில்லை. "தெரியுமோ என்னமோ. நக்கறா, பாலு எறக்கறா, நான் கறக்கறேன். நானும் பொழைக்கோணுமல்லோ."

அன்று மாலையோடு பாலை விட்டேன். தயிர், நெய், காபி எல்லாம் போயிற்று. கர்ப்பிணிக்கு இதெல்லாம் ஆகாத வேலை என்று சொன்னவர்களிடம் வேர்க்கடலையை மென்றுகொண்டே தலையாட்டினேன். என் ஒருத்தியின் காபியால் ஒரு கன்றும் பிழைக்காது என்பது எனக்கும் தெரியும். ஊரே விட வேண்டும். ஊர் விட வேண்டுமானால் செவலைக்கு என்ன நேர்கிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். என் ஆசை இந்த ஒன்றுதான். இன்றுவரை வேறு ஆசை எனக்கு வந்ததில்லை.

ஏறக்குறைய ஓராண்டு உழைத்தோம். கருவி வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? மாட்டைக் கேட்க முடியாதே. சுகவனம்தான் வழி சொன்னார்.

"நீங்க குழந்தைக்குப் பால் குடுக்கறப்ப ஒரு பதிவு எடுப்போம். செவலை இப்ப மறுபடி கன்னு போட்டிருக்கா. அவ குடுக்கறப்ப ஒண்ணு எடுப்போம். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சிடும்."

என் மகள் நறுமுகைக்கு அப்போது ஏழு மாதம். பட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அவளை மடியில் போட்டேன். வழக்கம்போல் என் தாலிச் சங்கிலியை இடது கையால் பிடித்துக்கொண்டாள். விடுவாள், தேடுவாள், மறுபடி பிடிப்பாள். நடுவில் அவளுக்கு விக்கல் வந்தது. முதுகைத் தடவிக்கொடுத்து, நின்றதும் மறுபடி கொடுத்தேன். பதினான்கு நிமிடம்.

இரண்டு பதிவுகளையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம். ஒரே கோடுதான் தெரிந்தது. சுகவனம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரே ஒரு வித்தியாசம்: மாட்டின் கோட்டில் அடியோட்டமாக ஒரு நடுக்கம் இருந்தது, என்னுடையதில் இல்லை.

"ஒயர் லூசா இருக்கும்," என்றார் சுகவனம். ஒயரை மாற்றினோம். நடுக்கம் போகவில்லை. பட்டையையே மாற்றினோம். அப்போதும் போகவில்லை. கடைசியில் அதை இரைச்சல் என்று முடிவுகட்டி, கணினியில் வடிகட்டித் தூக்கியெறிந்தோம். இருவரும் படித்தவர்கள், பாருங்கள்.

செவலையின் அந்தக் கன்று காளைக்கன்று. மூன்றாம் வாரம் அதை அடிமாட்டு வண்டியில் ஏற்றியபோது செவலையின் கழுத்தில் எங்கள் பட்டை இருந்தது. அந்தப் பதிவைத்தான் கோவையில் நடந்த ஒரு விவசாயக் கண்காட்சியில், டிராக்டர்களுக்கும் சொட்டுநீர்க் குழாய்களுக்கும் நடுவே ஒரு மேசை போட்டு வைத்தோம். கேட்பவர் மணிக்கட்டில் பட்டையைக் கட்டிவிடுவோம். நாற்பது விநாடிக்கு மேல் யாரும் தாங்கவில்லை. ஓர் இனிப்புக்கடை முதலாளி, நல்ல ஆகிருதியான மனிதர், பட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டுத் தன் பேரனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். பேரன் அவர் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தான்.

அதன்பின் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதிவு கைக்குக் கை போயிற்று, மணிக்கட்டுப் பட்டை வீட்டுக்கு வீடு வந்தது. டீக்கடைகளில் வரக்காப்பி வந்தது. கல்யாணப் பந்தியில் தேங்காய்ப்பால் பாயசத்தை முதல் முறையாக யாரும் குறை சொல்லவில்லை. பால் வாங்கும் சொசைட்டிகள் கேன்களைத் திருப்பி அனுப்பின. நான் மேடைகளில் பேசினேன். "வேறெதுவும் வேண்டாம், குடிக்காதீர்கள், அது போதும்" என்று சொன்னேன். கை தட்டினார்கள். வாழ்க்கையில் நான் மகிழ்ச்சியாக இருந்த ஆறு மாதம் அது.

பால் விலைபோகாத மாட்டை யார் வைத்துத் தீனி போடுவார்கள் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. பாலை விட்டவர்கள் யாரும் ஒரு மாட்டை ஓட்டிப்போய்த் தங்கள் வீட்டில் கட்டிக்கொள்ளவில்லை. அடிமாட்டு லாரிகள் வந்தன. பூவாத்தாள் ஆறில் மூன்றை ஏற்றிவிட்டாள். ஏற்றிய அன்று எனக்குப் போன் செய்தாள், ஆனால் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஒரு பெரிய பால் நிறுவனம் சுகவனத்தைத் தேடி வந்தது. பட்டை படிக்கிறதே, அதையே எழுதவும் வைக்க முடியுமா என்று கேட்டார்கள். கன்று மடியில் முட்டிக்கொண்டிருப்பதான உணர்வை மாட்டின் நரம்பில் எழுதிவிட்டால், அது கன்றைத் தேடாது, கத்தாது, பாலையும் தாராளமாக இறக்கும். காப்புரிமையில் பாதி அவருடையது. பாதியே போதும் என்று அவர்கள் வக்கீல்கள் சொல்லிவிட்டார்கள்.

"மாட்டோட வேதனையக் குறைக்கறதுல என்னங்க தப்பு?" என்று என்னிடம் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். லாரிகளைப் பார்த்து என்னைவிட அதிகமாகத் துவண்டவர்.

"வேதனைக்குக் காரணத்த அப்படியே வெச்சுக்கிட்டு வேதனைய மட்டும் எடுக்கறீங்க, டாக்டர்."

"ஊரு காரணத்த விடாது, தாட்சாயணி. எடுக்க முடிஞ்சத எடுப்போம்."

அதோடு எங்கள் பேச்சு நின்றது. மூன்று வருடம்.

பாக்கெட்டில் 'கண்ணீர் கலக்காத பால்' என்று அச்சிட்டார்கள். அதற்குக் கீழே ஒரு சிறு கட்டம். கைப்பட்டையை அதன் மேல் வைத்தால், அன்று காலை அந்தப் பாலைத் தந்த மாடு எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். நிம்மதியாக இருந்தது. நம்மையும் நிம்மதியாக்கியது. பாலைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். முன்பு அரை லிட்டர் வாங்கிய வீட்டில் ஒரு லிட்டர் வாங்கினார்கள். சிலர் தூக்கம் வராதபோது பாக்கெட்டை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு படுப்பதாகக் கேள்விப்பட்டேன். என்னை மேடைக்குக் கூப்பிடுவது நின்றுபோயிற்று. யாராவது எதிரே வந்தால், "இப்பத்தான் மாட்டுக்குக் கஷ்டமே இல்லையேங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

நறுமுகைக்கு நான்கு வயது. போன மாதம் பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்து நின்றாள்.

"அம்மா, அங்க ஐஸ்கிரீம் டப்பாவுல மாடு காட்டுனாங்க. நான் கையில கட்டிப் பாத்தேன்."

திட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மாடு உன்ன மாதிரியே இருந்துச்சும்மா."

"எப்படி, கொம்போடயா?"

அவள் சிரிக்கவில்லை. சொல்லத் தெரியாமல் கையைப் பிசைந்தாள். "நீ என்னை மடியில வெச்சிருப்பியல்ல. அப்ப நான் நீயாயிட்ட மாதிரி இருந்துச்சு."

மறுநாள் காலை தாராபுரம் பஸ் ஏறினேன்.

பூவாத்தாள் தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கோபிப்பாள் என்று நினைத்துப் போனேன், "வா அம்மணி" என்று கல்லைத் துடைத்து உட்காரச் சொன்னாள். கட்டுத்தறியில் செவலையும் இன்னும் இரண்டு மாடுகளும் நிறுவனத்தின் நீலப் பட்டையோடு நின்றன. அசைபோட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மூன்றும் சொக்கிப்போயிருந்தன. செவலை மட்டும் அவ்வப்போது நாக்கை நீட்டிக் காற்றை நக்கியது.

"கன்னுக எங்கக்கா?"

"கன்னா? இப்பெல்லாம் கன்னே வேண்டியதில்லையே அம்மணி. முன்னயாச்சும் பாலெறக்க ஒரு கன்னு வேணும்னு கொஞ்ச நாளு தீனி போட்டு உசுரோட வெச்சிருந்தம். இப்ப பொறந்து விழுந்த அன்னிக்கே வண்டி வந்துருது. காளைக்கன்னு பொட்டக்கன்னு எல்லாம் ஒண்ணுதான். தாயி திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

அவள் இதைச் சொன்ன விதத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அந்தக் கன்றுகளை உயிரோடு வைத்திருக்க இருந்த ஒரே காரணத்தையும் நான்தான் எடுத்துவிட்டேன் என்று எனக்கே விளங்கியது. என் பழைய பட்டையை மணிக்கட்டில் கட்டி, செவலையின் பக்கம் போய் நின்றேன்.

முதலில் வெதுவெதுப்பு. பிறகு மடியில் ஒரு கனம். கன்றின் கனமில்லை அது. முட்டவில்லை, இடிக்கவில்லை, சும்மா கிடந்தது. கழுத்தில் ஒரு சின்ன இழுப்பு. சங்கிலியை ஒரு கை பிடித்தது, விட்டது, தேடியது, மறுபடி பிடித்தது. செவலையின் கழுத்தில் சங்கிலி ஏதும் இல்லை. நான் அடுத்து வருவதற்காகக் காத்திருந்தேன். வந்தது. விக்கல்.

அங்கேயே சாணத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

சுகவனத்துக்குப் போன் செய்தபோது அவர் முதல் மணியிலேயே எடுத்தார். மூன்று வருடமாக இதை எதிர்பார்த்திருப்பார் போலும்.

"என் பதிவை எதுக்கு எடுத்தீங்க?"

"வேற வழியில்லாமப் போச்சுங்க."

"ஆயிரம் மாட்டுப் பதிவு இருந்ததே உங்ககிட்ட."

"நாலாயிரம் இருந்துச்சு. ஒண்ணொண்ணா எழுதிப் பாத்தோம். எந்த மாடும் அமைதியாகல. இன்னும் மிரளுச்சு. அந்த நடுக்கம் ஞாபகம் இருக்கா? ஒயருன்னு நெனச்சு வடிகட்டினோமே. நரம்புல எழுதறப்ப வடிகட்ட முடியல."

"இருக்கு."

"அது ஒயரில்லைங்க. பயம். கன்னு மடியில குடிச்சுக்கிட்டிருக்கறப்பவே, இதையும் கொண்டு போயிடுவாங்கன்னு அதுங்களுக்குப் பயம். ஒரு தடவ கன்னைப் பறிகுடுத்த எல்லா மாட்டுக்கும் அது இருக்கு. நம்ம ஊர்ல பறிகுடுக்காத மாடு எங்கிருக்கு? குழந்தைய யாரும் எடுத்துட்டுப் போகமாட்டாங்கன்னு நம்பிக்கிட்டுப் பால் குடுத்த பதிவு எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதாங்க இருந்துச்சு."

நான் கையெழுத்திட்டது ஆராய்ச்சிக்கு மட்டுமே. என் பதிவை நான் திரும்பக் கேட்டால் அவர்கள் நிறுத்தியாக வேண்டும் என்று சட்டம் சொன்னது. "நிறுத்தினா அத்தனை மாடும் ஒரே நாள்ல தேடும், யோசிச்சுக்கங்க" என்றார் சுகவனம். யோசித்தேன். தேடட்டும், ஊர் கேட்கட்டும் என்று நினைத்தேன். நாற்பது விநாடியில் ஊரை மாற்றியவள்தானே நான். கடிதம் எழுதினேன். என் மகள் என் மடியில் கிடந்த பதினான்கு நிமிடத்தை வைத்துக் கன்றுகளைத் திருட நான் விடமாட்டேன் என்று கடைசி வரியில் எழுதினேன். வக்கீல் அந்த வரியை நீக்கச் சொன்னார், நீக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, கறவை நேரத்தில், நிறுத்தினார்கள். நான் செவலையின் பக்கத்தில் இருந்தேன்.

சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு செவலை தலையைத் திருப்பித் தன் மடியைப் பார்த்தது. காலுக்கடியில் பார்த்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. கத்த ஆரம்பித்தது. பக்கத்து மாடுகள் கத்தின. பக்கத்துத் தோட்டத்திலிருந்து கேட்டது. அதற்கப்பால் இருந்த ஊர்களிலிருந்தும் கேட்டது. எந்தத் திசையில் திரும்பினாலும் அந்தச் சத்தம்தான்.

பட்டை என் கையில் இருந்தது. ஒரு கன்றைத்தான் தேடும் என்று நினைத்திருந்தேன். இந்த மூன்று வருடத்தில் செவலை மூன்று ஈற்று ஈன்றிருந்தது. மூன்றும் போனது அதற்குத் தெரியாது. மூன்றும் அன்று காலை ஒன்றாகப் போயின. நான் பட்டையைக் கழற்றவில்லை. கழற்ற எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தேன்.

பூவாத்தாள் பரணில் ஏறி அந்தப் பழைய வைக்கோல் கன்றை எடுத்து வந்து முன்னால் நிறுத்தினாள். பூச்சி அரித்துத் தோல் சுருங்கியிருந்தது. செவலை அதை முகர்ந்தது. நெற்றியில் அந்த வழுவழுப்பான இடத்தை ஒரு தரம் நக்கியது. பிறகு தலையால் தள்ளிக் கீழே சாய்த்துவிட்டு வாசலைப் பார்த்துக் கத்தியது. மடி கல்லாக இறுகியிருந்தது. பால் இறங்கவில்லை.

பதினொரு மணிவாக்கில் சுகவனம் போனில் பேசினார். தொலைக்காட்சியில் சத்தத்தைப் பற்றித்தான் பேச்சாம். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை கேட்கிறார்களாம்.

"பாலை விட்டுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"கையில இருந்த பட்டையக் கழட்டிட்டாங்க," என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "வேற அம்மாமார் பதிவு குடுக்க வந்துட்டாங்க, தாட்சாயணி. கம்பெனி விளம்பரம் போட்ட ரெண்டு மணி நேரத்துல முந்நூறு பேர். நல்ல மனசுள்ளவங்க, மாடு கத்தறதக் கேக்க முடியலைன்னு வந்தவங்க. சோதிச்சுப் பாத்து எழுத ரெண்டு வாரம் ஆகும். நீங்க சரின்னா இப்பவே நிக்கும். இல்லைன்னா ரெண்டு வாரம் கழிச்சு நிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்."

பூவாத்தாள் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூன்று மாடுகளை லாரியில் ஏற்றியபோது பேசாதவள் இப்போது பேசினாள்.

"அம்மணி, உன்ர காலப் புடிக்கறேன். மறுபடி போட்டு உடச் சொல்லு."

"அது பொய்யிக்கா."

"பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும். என்னால பாக்க முடியல."

நான் பால் குடிப்பதை நிறுத்தச் சொன்னேன். அவர்கள் அழுகையை நிறுத்தச் சொல்கிறார்கள். இரண்டில் ஒன்று நூறு பேர் விட்டால்தான் நடக்கும், ஆயிரம் பேர் விட்டால்தான் நடக்கும், எல்லோரும் விட்டால்தான் நடக்கும். மற்றொன்றுக்கு நான் ஒருத்தி தலையசைத்தால் போதும். பட்டை வழியாகச் செவலை இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தலையசைத்தேன். போனில் தலையசைத்தால் தெரியாதே என்று பிறகுதான் உறைத்தது. வாயைத் திறந்து "சரி" என்றேன்.

செவலையின் கத்தல் பாதியில் நின்றது. காதுகள் தளர்ந்தன. காற்றை நக்கியது. பூவாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். பால் நுரையோடு இறங்கியது.

வீடு வந்து சேர்ந்தபோது நறுமுகை பள்ளிக்கூடத்திலிருந்து முன்னதாகவே வந்திருந்தாள்.

"மாடெல்லாம் அழுதுச்சாம்மா. மிஸ் சொன்னாங்க."

"ஆமா."

"நிறுத்திடுச்சா?"

"நிறுத்திடுச்சு."

"அதோட கன்னுக்குட்டி வந்துடுச்சா?"

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. "இல்ல கண்ணு. நீதான் அதோட கன்னுக்குட்டின்னு நெனச்சுக்கிச்சு. நீ அங்க இருக்கறதா நெனச்சுக்கிட்டு அழறத நிறுத்திடுச்சு."

"நான் அங்க இல்லையே," என்றாள். "அது பாவம் தேடுமில்ல?"

சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் உட்கார்ந்து செருப்பை மாட்டத் தொடங்கினாள்.